பாக்கி இருந்தால் டி.சி. கிடையாதா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கணவர் மாந்தோப்பு குத்தகைக்கு எடுக்கிறார். பெங்களூரா மாங்காய்க்கு விலை இல்லாமல் போனதால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் பாக்கி விழுந்துவிட்டது. மகள் அந்தத் தனியார் மெட்ரிக் பள்ளியில் 10-ம் வகுப்பு தேர்ச்சி பெற்றிருக்கிறாள். மகன் அதே பள்ளியில் 5-ம் வகுப்பு முடித்திருக்கிறான். இருவரையும் அரசுப் பள்ளிக்கு மாற்ற நினைத்து டி.சி. கேட்டால், "41,000 ரூபாய் பாக்கியைக் கட்டிவிட்டு வாங்க" என்கிறார்கள். மகளின் மார்க் ஷீட்டும் தரமாட்டார்களாம். ரொம்பக் கெஞ்சினபோது, "கையெழுத்துப் போட்ட செக் ஒன்று கொடுங்கள், இல்லையென்றால் டி.சி.யிலேயே பாக்கி என்று எழுதிக் கொடுப்போம்" என்றார்கள். என்ன செய்வது?

பதில்: அம்மா, முதல் வேலையாக அந்த செக்கைக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளிக்கு நீங்கள் பணம் தர வேண்டியிருக்கலாம். அது கடன். கடனை வசூலிக்க நோட்டீஸ், உரிமையியல் வழக்கு என்று பள்ளிக்குத் தனி வழி இருக்கிறது. டி.சி. உங்கள் பிள்ளையின் ஆவணம். அதை அடகுப் பொருளாக வைத்துக்கொள்ள பள்ளிக்கு உரிமை இல்லை. சான்றிதழ் விற்கவோ வாங்கவோ கூடிய சரக்கு அல்ல, ஒப்பந்தச் சட்டத்தின் 171-ம் பிரிவைக் காட்டிப் பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க உரிமை கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 2024 ஜூலையில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு தந்த தீர்ப்பு. கட்டண பாக்கியை வசூலிக்க டி.சி. ஒரு கருவி அல்ல. பாக்கி பற்றியோ தாமதமாகக் கட்டியது பற்றியோ டி.சி.யில் எதுவும் எழுதக் கூடாது. சேர்க்கைக்கு வரும் பிள்ளையிடம் டி.சி.யைக் கட்டாயப்படுத்திக் கேட்க வேண்டாம் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் அரசு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். இவ்வளவும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதற்கு முன் தனி நீதிபதி ஒருவர், டி.சி.யில் பாக்கியைக் குறிப்பிட்டுக் கொடுக்கலாம் என்று பள்ளிகளுக்கு இடம் தந்திருந்தார். அந்த உத்தரவைத்தான் இந்த அமர்வு மாற்றியது. உங்கள் பள்ளி விடுத்த இரண்டாவது மிரட்டல் அந்தப் பழைய உத்தரவின் வாசனை. அது இப்போது செல்லாது.

இனி இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இருவருக்கும் ஒரே மனுவாக எழுதுவது பலர் செய்கிற தவறு. மகனுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு வேறு, மகளுக்கு இருப்பது வேறு.

மகனின் விஷயத்தை முதலில் முடியுங்கள். 1 முதல் 8-ம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 5-ம் பிரிவு நேரடியாகப் பேசுகிறது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறலாம், கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியர் டி.சி.யை உடனே தர வேண்டும், இழுத்தடித்தால் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை. அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு: டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. ஆகவே டி.சி. இல்லாமலே மகனை அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பில் உட்காரவைக்கலாம். ஒரு தனியார் பள்ளியிலிருந்து இன்னொரு தனியார் பள்ளிக்கு மாறுபவர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அவர்களுக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்புதான் ஆதாரம்.

மகனை முதலில் என்று நான் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகன் சரியாக அந்த வாசலில் நிற்கிறான். "பாக்கி கட்டும்வரை இங்கேயே 6-ம் வகுப்பு வரட்டும்" என்று பள்ளி சொல்லி, நீங்களும் சரி என்று இரண்டு மாதம் அனுப்பிவிட்டால், அவன் பெயர் 6-ம் வகுப்புக்குத் தனியார் பள்ளிப் பதிவேட்டில் ஏறிவிடும். ஏழு வருடம் கழித்துச் சான்று வாங்கப் போகும்போது அந்த இரண்டு மாதம் எழுந்து நிற்கும். உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் 6-ம் வகுப்பிலிருந்துதான் கணக்குப் பார்க்கிறது. 41,000 ரூபாயைவிடப் பெரிய இழப்பு இதில் இருக்கிறது. ஜூன் மாதம் ஒரு நாள்கூட அவன் பழைய பள்ளிக்குப் போக வேண்டாம்.

மகளுக்கு வருவோம். 10-ம் வகுப்பு கல்வி உரிமைச் சட்ட எல்லைக்கு வெளியே. அவளுக்கு 2024 தீர்ப்புதான் கைகொடுக்கும். ஆனால் மார்க் ஷீட் விஷயத்தில் நீங்கள் பயந்த அளவுக்குப் பள்ளியின் கையில் ஒன்றும் இல்லை. மதிப்பெண் சான்றிதழைக் கொடுப்பது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பள்ளி அதை வாங்கிக் கொடுக்கும் இடம் மட்டுமே. தேர்வு முடிவு வந்த சில நாட்களில் தற்காலிக மதிப்பெண் சான்றிதழை இயக்ககத்தின் இணையதளத்தில் பதிவெண்ணும் பிறந்த தேதியும் கொடுத்து நீங்களே இறக்கிக்கொள்ளலாம். ஹால் டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் போதும். பிளஸ் ஒன் சேர்க்கைக்கு அரசுப் பள்ளிகள் இதைத்தான் பார்க்கின்றன. நிரந்தரச் சான்றிதழின் மின் வடிவம் டிஜிலாக்கரில் வரும்போது அதையும் எடுத்து வையுங்கள். டிஜிலாக்கரில் வழங்கப்பட்ட ஆவணம் அசலுக்குச் சமம் என்று மத்திய அரசின் 2016-ம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. மகளின் ஆதாரில் இணைத்த செல்போன் எண் இப்போது உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பழைய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, ஓ.டி.பி. வராமல் திண்டாடுகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது மனு. வாயால் கேட்டது கேட்டதே ஆகாது. வெள்ளைத்தாளில் இப்படி எழுதுங்கள் (இதில் வரும் எமிஸ் என்பது மாணவர் விவரங்கள் இருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் கணினித் தளம்):

"தங்கள் பள்ளியில் 5-ம் வகுப்பு முடித்த என் மகன் (பெயர், எமிஸ் எண்) வரும் கல்வியாண்டில் அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பில் சேர இருக்கிறான். இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5-ன்படி மாற்றுச் சான்றிதழை உடனே வழங்குமாறும், எமிஸ் தளத்தில் அவனைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி கோரும் தொகை குறித்து எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அதைத் தனியே பேசித் தீர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்."

மகளுக்குத் தனி மனு. அதில் சட்டப் பிரிவுக்குப் பதில், சென்னை உயர் நீதிமன்றத்தின் 2024 ஜூலைத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

மாதிரி மனுவின் கடைசி இரண்டு வரிகளை நான் சும்மா எழுதவில்லை. "41,000 ரூபாய் பாக்கி இருப்பது உண்மைதான், கட்டிவிடுகிறேன், டி.சி. தாருங்கள்" என்று பணிவாக எழுதிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். சட்டத்தில் அது கடன் ஒப்புகை. இப்படிப்பட்ட பாக்கிக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது காலவரையறைச் சட்டம். காலம் முடிவதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த மூன்று ஆண்டு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். தொகை சரியா என்றே இன்னும் நாம் பார்க்கவில்லை. அதற்குள் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

மனுவை நேரில் கொடுத்தால் நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள். அங்கேயே நின்று சண்டை போட வேண்டாம், நேராகத் தபால் அலுவலகம் போங்கள். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. கவுன்ட்டரில் "ஸ்பீட் போஸ்ட், ரிஜிஸ்ட்ரேஷனோடு, டெலிவரி ஆனதற்கு அத்தாட்சியும் வேண்டும்" என்று கேளுங்கள். ரசீதை மனு நகலோடு சேர்த்து ஊசி குத்தி வையுங்கள். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு இந்த இரண்டு தாளும்தான் தைரியம் தரும். தணிக்கையில் "டி.சி. இல்லாமல் எப்படிச் சேர்த்தீர்கள்" என்ற கேள்வி வருமே என்பதுதான் அவர்களின் தயக்கம். டி.சி. கேட்டு எழுதிய மனுவின் நகல், தபால் ரசீது, டி.சி. வந்ததும் ஒப்படைப்பேன் என்ற உறுதிமொழி, பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல் ஆகியவற்றைக் கொடுத்துத் தற்காலிகச் சேர்க்கை கேளுங்கள்.

எமிஸ் என்று சொன்னேனே, பலர் கோட்டைவிடுவது அங்கேதான். காகித டி.சி. கையில் கிடைத்தாலும், பழைய பள்ளி எமிஸ் தளத்தில் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு, அதாவது காமன் பூலுக்கு, அனுப்பாமல் இருந்தால் புதிய பள்ளியால் தன் வருகைப் பதிவில் ஏற்ற முடியாது. பிள்ளை வகுப்பில் இருக்கும், கணினியில் இருக்காது. நலத்திட்டப் பொருட்கள், உதவித்தொகை, பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் எல்லாம் எமிஸிலிருந்துதான் எடுக்கிறார்கள். பிள்ளையின் 16 இலக்க எமிஸ் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, சேர்ந்த ஒரு வாரத்தில் வகுப்பாசிரியரிடம் "எங்க பையன் பேரு எமிஸ்ல ஏறிடுச்சா சார்?" என்று கேளுங்கள். ஏறவில்லை என்றால் புதிய பள்ளித் தலைமை ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகம் அல்லது மாவட்ட எமிஸ் ஒருங்கிணைப்பாளர் வழியாக நகர்த்தலாம். எமிஸ் எண் தெரியாவிட்டால் பழைய முன்னேற்ற அறிக்கையில் பாருங்கள், சில பள்ளிகள் அதில் அச்சிட்டிருக்கும்.

மனு போய்ச் சேர்ந்து ஏழு நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த படி. தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்). அவருக்கு ஒரு மனு, அதன் நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு (சி.இ.ஓ.). இரண்டும் கொடுத்த பிறகு, அடுத்த திங்கட்கிழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். இந்த வரிசை முக்கியம். நேராகக் கலெக்டரிடம் போனால் மனு சி.இ.ஓ. அலுவலகத்துக்குத்தான் திரும்பி வரும். அங்கே ஏற்கெனவே உங்கள் மனு கிடந்தால், "இது கலெக்டர் வழியாகவும் வந்திருக்கிறது" என்று கோப்பு நகரும். மனு எண் போட்ட சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். போனில் புகார் சொல்ல பள்ளிக் கல்வித் துறையின் 14417, முதல்வரின் முகவரி 1100 இரண்டும் இருக்கின்றன. போன் மட்டும் போதாது, மனுவுக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பள்ளிகள் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தாலே டி.சி.யை எழுதிவிடும்.

அதற்கும் அசையாத பள்ளி என்றால், கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள், உதவி எண் 15100. அவர்கள் அனுப்பும் ஒரு நோட்டீசுக்கே பாதிப் பேர் வழிக்கு வருவார்கள். கடைசி வழி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் மதுரைக் கிளைக்குள் வராது, சென்னைக்குத்தான் போக வேண்டும். நுகர்வோர் நீதிமன்றத்தை யாராவது சொன்னால் வேண்டாம் என்பேன். கல்வி "சேவை"யா இல்லையா என்ற சட்டச் சண்டையிலேயே வருடம் ஓடிவிடும்.

செக் விஷயம். இப்போது உங்களுக்கும் பள்ளிக்கும் இடையே இருப்பது வெறும் பணத் தகராறு. பள்ளி வழக்குப் போட்டாலும் உரிமையியல் வழக்குதான். தேதி போடாத, தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், நாளைக்கு அவர்களே தொகையை எழுதி வங்கியில் போடலாம். பணம் இல்லாமல் திரும்பினால் நோட்டீஸ் வரும். கைக்கு வந்த 15 நாளில் கட்டாவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ம் பிரிவின் கீழ் குற்ற வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. டி.சி.க்காக ஒரு கடனைக் குற்ற வழக்காக மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை. வெற்றுப் புரோநோட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், என்ன காரணத்துக்காகக் கொடுத்தோம் என்பதைத் தேதி, செக் எண்ணோடு பள்ளிக்குக் கடிதமாக அனுப்பி, அந்த அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி 41,000. நீங்கள் அனுப்பிய சீட்டில் கல்விக் கட்டணம் 22,000, வேன் 9,000, ஸ்பெஷல் கிளாஸ் 6,000, தாமதக் கட்டணம் 4,000 என்று எழுதியிருக்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மையான பாக்கி? தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை, 2009-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் இயங்கும் குழு நிர்ணயிக்கிறது. பள்ளிவாரியாக, வகுப்புவாரியாக உத்தரவு போடுவார்கள், மூன்று கல்வியாண்டுக்கு அது செல்லும். குழுவின் இணையதளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பள்ளிப் பெயரைத் தேடி உத்தரவை எடுங்கள். பிறகு வீட்டில் இருக்கும் ரசீதுகளைப் பரப்பி வைத்துக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு, மகளின் வகுப்புக்குக் குழு நிர்ணயித்தது 24,000 என்றும், பள்ளி கேட்டது 38,000 என்றும் வைப்போம். நீங்கள் ரசீதோடு 20,000 கட்டியிருந்தால், பள்ளிக் கணக்கில் பாக்கி 18,000, சட்டக் கணக்கில் 4,000 மட்டுமே. நிர்ணயித்ததற்கு மேல் வாங்குவதை இந்தச் சட்டமே தடை செய்திருக்கிறது. கூடுதலாகக் கட்டியிருந்தால் திருப்பிக் கேட்டுக் குழுவுக்கே புகார் அனுப்பலாம். ஸ்பெஷல் கிளாசும் தாமதக் கட்டணமும் குழு உத்தரவில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எந்த அதிகாரத்தில் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ரசீது இல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிய பணம் இருந்தால், கூகுள் பே, போன்பே பதிவுகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுங்கள். வேன் கட்டணம் தனிக் கணக்கு. பிள்ளைகள் வேனில் போயிருந்தால் அந்த 9,000 நியாயமான பாக்கி. தர வேண்டியதைத் தரத்தான் வேண்டும், அந்தப் பணத்தில்தான் ஓட்டுநருக்குச் சம்பளம் போகிறது. மாங்காய்ப் பணம் வரும் மாதங்களைக் கணக்கில் வைத்து மூன்று தவணை கேட்டு, டி.சி. வந்த பிறகு தனிக் கடிதமாக எழுதுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது.

மகன் ஒருவேளை 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்தவனா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. அப்படி இருந்தால் 8-ம் வகுப்பு வரை அவனுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. "அரசு எங்களுக்குப் பணம் தரவில்லை, நீங்கள் கட்டுங்கள்" என்று பள்ளி கேட்பது அரசுக்கும் பள்ளிக்கும் உள்ள கணக்கு, உங்கள் தலையில் வராது.

டி.சி. கைக்கு வரும் நாளில் வாங்கி மடித்துப் பையில் போடாதீர்கள். அலுவலக ஜன்னலிலேயே நின்று படியுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், அங்க அடையாளங்கள், மேல் வகுப்புக்குத் தகுதி பெற்றாரா என்ற வரி, எமிஸ் எண், தலைமை ஆசிரியர் கையெழுத்து, முத்திரை. பழைய படிவங்களில் "செலுத்த வேண்டிய கட்டணம் அனைத்தையும் செலுத்திவிட்டாரா" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "இல்லை" என்றோ தொகையையோ எழுதியிருந்தால் வாங்காமல், திருத்தித் தரச் சொல்லுங்கள். நடத்தைக் கட்டத்தையும் பாருங்கள், கோபத்தை அங்கே காட்டுகிறவர்கள் உண்டு. பிறந்த தேதியில் ஓர் எண் தவறினாலும் அன்றே திருத்தி வாங்குவது ஐந்து நிமிட வேலை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிய பிறகு அதையே திருத்த சென்னை வரை அலைய வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கும் பதிவேட்டில் "பாக்கியைக் கட்டச் சம்மதிக்கிறேன்" என்று ஏதாவது வரி சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "டி.சி. பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.